டர்போ வண்டியை நிறுத்தியதும் ஆஃப் செய்யலாமா?

எனக்குத் தெரிந்த ஒருவர் தினமும் ஐந்து கிலோமீட்டர் ஓட்டி வீடு வந்து சேர்கிறார். அதில் பாதித் தூரம் நெரிசலில் ஊர்ந்தே வருவார். வாசலில் வண்டியை நிறுத்திய பிறகு இன்ஜினை அணைக்காமல், கைபேசியைப் பார்த்தபடி சரியாக இரண்டு நிமிடம் உட்கார்ந்திருப்பார். கேட்டால், "டர்போ வண்டி, சூடு ஆறணும்" என்பார். இன்னொருவர் நெடுஞ்சாலையில் இரண்டு மணி நேரம் விரட்டிக்கொண்டு வந்து, ஓய்விடத்துக்குள் சட்டென்று திருப்பி, பிரேக் போட்டு, அடுத்த நொடி இன்ஜினை அணைத்துவிட்டு இறங்குவார். "இப்ப வர்ற வண்டிக்கெல்லாம் அது தேவையில்லை" என்பது அவர் கட்சி.

இருவர் சொல்வதிலும் பாதி உண்மை இருக்கிறது. வேடிக்கை என்னவென்றால், காத்திருக்கிறவருக்கு அது தேவையே இல்லை. தேவைப்படக்கூடியவர் காத்திருப்பதில்லை. இருவரும் "நிறுத்திய பிறகு எத்தனை நிமிடம்?" என்று கணக்குப் போடுகிறார்கள். நிறுத்துவதற்கு முந்தைய சில நிமிடங்களில் வண்டி எப்படி ஓடியது என்பதைப் பார்த்தால் பதில் அதிலேயே இருக்கும். அது ஏன் என்று புரிய, டர்போ என்ன செய்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

துருத்தி செய்யும் வேலை

இன்ஜின் என்பது எரிபொருளையும் காற்றையும் கலந்து எரிக்கும் ஓர் அடுப்பு. அடுப்பில் தீ மந்தமானால் ஊதுகுழலால் ஊதுவோம். கொல்லர் உலையில் துருத்தி அதையே இன்னும் பலமாகச் செய்யும். காற்று கூடினால்தான் கூடுதல் எரிபொருளை எரிக்க முடியும், கூடுதல் சக்தி கிடைக்கும். சாதாரண இன்ஜின் தன் மூச்சுக்கு எவ்வளவு காற்றை இழுக்க முடியுமோ அவ்வளவுதான் இழுக்கும். அதற்கு மேல் காற்றை அழுத்தித் திணிக்கும் துருத்திதான் டர்போசார்ஜர், சுருக்கமாக டர்போ.

சரி, அந்தத் துருத்தியை யார் மிதிப்பது? இதில்தான் கெட்டிக்காரத்தனம் இருக்கிறது. இன்ஜினில் எரிந்து முடிந்த புகை, சூட்டோடும் வேகத்தோடும் வெளியே ஓடுகிறது. வீணாகப் போகும் அந்தப் புகையின் வழியில் ஒரு காற்றாடியை வைத்தால் அது சுழலும். அதே தண்டின் மறுமுனையில் இன்னொரு சக்கரத்தை மாட்டினால், அது வெளிக்காற்றை உறிஞ்சி அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளும். புகையால் சுழலும் சக்கரத்துக்கு டர்பைன் என்று பெயர். காற்றைத் தள்ளும் சக்கரத்துக்கு கம்ப்ரசர் என்று பெயர். சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் ப்யூகி 1905-லேயே இந்த யோசனைக்குக் காப்புரிமை பெற்றார். கப்பல், விமானம், லாரி என்று சுற்றி, பயணிகள் காருக்கு இது வந்து சேர்ந்தது 1962-ல்தான்.

இரண்டு எண்களை மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் எளிதாகப் புரியும். முதலாவது வேகம். கார் இன்ஜின் நிமிடத்துக்கு 6,000 சுற்று சுற்றினாலே அலறும். டர்போவின் தண்டோ முழுச் சுமையில் நிமிடத்துக்கு 1 லட்சம், 2 லட்சம் சுற்றுகள் சுழலும். சிறிய டர்போக்கள் அதையும் தாண்டும். இரண்டாவது சூடு. பெட்ரோல் இன்ஜினை முழு வேகத்தில் ஓட்டும்போது டர்பைனுக்குள் நுழையும் புகை 900 டிகிரி செல்சியஸைத் தாண்டி, சில இன்ஜின்களில் 1,000 டிகிரியைத் தொடும். டீசலில் அதைவிடச் சில நூறு டிகிரி குறைவு. அலுமினியம் உருகுவது 660 டிகிரியில். அதனால்தான் டர்பைன் பக்கத்தை வார்ப்பிரும்பிலும் நிக்கல் கலந்த உலோகத்திலும் செய்கிறார்கள். மறுமுனையில் இருக்கும் கம்ப்ரசர் சக்கரத்துக்கு அலுமினியமே போதும். ஒரு விரல் நீளத் தண்டின் ஒரு முனை உலைக்குள்ளும் மறுமுனை வெளிக்காற்றிலும் இருக்கிறது.

எண்ணெயில் மிதக்கும் தண்டு

இரண்டு சக்கரங்களுக்கும் நடுவில் தண்டைத் தாங்கிப் பிடிக்கும் பகுதிதான் பேரிங். பேரிங் என்றதும் சைக்கிள் சக்கரத்தில் இருக்கும் குண்டுகள் நினைவுக்கு வரலாம். சில டர்போக்களில் குண்டு பேரிங் உண்டு. ஆனால் பெரும்பாலான கார்களில் இருப்பது ஒரு வளையமும் அதற்குள் ஓடும் எண்ணெயும் மட்டும்தான்.

ஈரமான வழவழப்புத் தரையில் கால் வைத்து வழுக்கி விழுந்த அனுபவம் பலருக்கும் இருக்கும். காலுக்கும் தரைக்கும் நடுவே ஒரு மெல்லிய நீர்ப்படலம் புகுந்து, இரண்டையும் ஒன்றையொன்று தொடவிடாமல் செய்வதால் வருகிற வினை அது. நம்மை விழவைக்கும் அதே சங்கதிதான் டர்போவைக் காப்பாற்றுகிறது. தலைமுடியைவிட மெல்லிய எண்ணெய்ப் படலத்தில் தண்டு மிதந்தபடி சுழல்கிறது. எல்லாம் ஒழுங்காக இருந்தால் உலோகம் உலோகத்தைத் தொடுவதே இல்லை.

அந்த எண்ணெய் வேறெங்கிருந்தோ வருவதில்லை. இன்ஜினுக்கு ஊற்றுகிறோமே, அதே ஆயில்தான். இன்ஜின் சுழலும்போது ஆயில் பம்ப் அதை ஒரு சிறு குழாய் வழியாக டர்போவுக்கு அழுத்தி அனுப்புகிறது. அது பேரிங்கின் ஊடாக ஓடி, கீழே வடிந்து, மறுபடி இன்ஜினின் அடித்தொட்டிக்கே போய்ச் சேர்கிறது. அப்படி ஓடும்போது இரண்டு வேலைகளைச் செய்கிறது. தண்டை மிதக்க வைப்பது ஒன்று. டர்பைன் பக்கத்திலிருந்து ஊறி வரும் சூட்டை அள்ளிக்கொண்டு போவது இன்னொன்று. இந்த இரண்டாவது வேலையைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள். நம் கேள்வியே அதைப் பற்றியது.

இதுவரை பார்த்ததன் சுருக்கம்: புகையால் சுழலும் டர்பைன், காற்றைத் தள்ளும் கம்ப்ரசர், நடுவே இன்ஜின் ஆயிலில் மிதக்கும் தண்டு. இன்ஜின் ஓடும்வரைதான் அந்த ஆயில் ஓடும்.

அணைத்த பிறகு நடப்பது

இன்ஜினை அணைத்ததும் ஆயில் பம்ப் நிற்கும், ஆயில் அழுத்தம் விழும். இதிலிருந்து இரண்டு பயங்கள் பிறக்கின்றன. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வதுதான் இந்த விஷயத்தில் பாதிச் சிக்கலுக்குக் காரணம்.

முதல் பயம்: "டர்போ லட்சம் சுற்றில் சுழன்றுகொண்டிருக்கும்போது ஆயில் நின்றால் தேய்ந்துபோகாதா?" சுவிட்சை அணைத்த பிறகும் மின்விசிறி சிறிது நேரம் சுற்றுகிறதே, அந்த மாதிரி டர்போவும் சுற்றும் என்பது உண்மை. ஆனால் லட்சம் சுற்றில் அல்ல. வண்டியை நிறுத்த ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டோம், பிரேக் போட்டுவிட்டோம். அதற்குள்ளாகவே புகையின் வேகம் குறைந்து, தண்டு வெகுவாகத் தணிந்திருக்கும். ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் இன்ஜின் தன்பாட்டுக்கு மெதுவாக ஓடும் நிலையை ஐடில் என்பார்கள். ஐடிலில் இருந்து அணைத்தால் டர்போ சில நொடிகளில் நின்றுவிடும். பேரிங்கில் ஏற்கெனவே ஒட்டியிருக்கும் ஆயில் அந்தச் சில நொடிகளுக்குப் போதும்.

சிலர் அணைப்பதற்கு முன்னால் ஆக்சிலரேட்டரை ஒரு முறை 'வ்ரூம்' என்று முறுக்கிவிட்டு அணைப்பார்கள். பழைய கார்பரேட்டர் காலத்துப் பழக்கமாக இருக்கலாம். டர்போ வண்டியில் இது வீண் வினை. தணிந்திருந்த தண்டை மறுபடி விரட்டிவிட்டு, உடனே அதன் ஆயிலை நிறுத்துவதற்குச் சமம். இரண்டு நிமிடம் காத்திருந்துவிட்டுக் கடைசியில் இப்படி ஒரு முறுக்கு முறுக்கி அணைப்பவரையும் பார்த்திருக்கிறேன். என்ன சொல்ல!

இரண்டாவது பயம் சூட்டைப் பற்றியது. இது நியாயமானது. தீயிலிருந்து ஒரு கனத்த இரும்புப் பாத்திரத்தை இறக்கி வையுங்கள். இறக்கும்போது தொட முடிந்த கைப்பிடி, கொஞ்ச நேரம் கழித்துத் தொட்டால் சுடும். அடுப்பிலிருந்து எடுத்தாகிவிட்டது, பிறகெப்படிச் சூடு ஏறியது? அடிப்பகுதியில் தேங்கியிருந்த சூடு, இரும்பு வழியாக மெல்ல ஊர்ந்து கைப்பிடிக்கு வந்துவிட்டது. டர்போவிலும் அச்சு அசலாக இதுவே நடக்கிறது. இன்ஜின் ஓடும்வரை, டர்பைன் பக்கத்துச் சூடு நடுப்பகுதிக்கு வர வர ஆயில் அதை அள்ளிப் போய்விடும். அணைத்ததும் அள்ளிப்போக ஆளில்லை. டர்பைன் கூட்டில் தேங்கியிருக்கும் பல நூறு டிகிரிச் சூடு, தண்டு வழியாகவும் உலோகச் சுவர் வழியாகவும் பேரிங்கை நோக்கி ஊறுகிறது. அதனால் பேரிங்கின் சூடு, வண்டி ஓடும்போது இருந்ததைவிட, அணைத்துச் சில நிமிடங்கள் கழித்து அதிகமாகிறது. இதைச் சூட்டூறல் என்று வைத்துக்கொள்வோம்.

கரியாகும் ஆயில்

சூடு ஊறினால்தான் என்ன? இரும்பு தாங்காதா? இரும்பு தாங்கும். தாங்காதது, பேரிங்கில் தேங்கி நிற்கும் அந்தச் சிறிதளவு ஆயில்தான்.

வாணலியின் வெளிப்புறத்தில் வழிந்த எண்ணெய் நாளடைவில் என்ன ஆகிறது என்று பாருங்கள். முதலில் மஞ்சளாக ஒட்டும், பிறகு பழுப்பாகும், கடைசியில் சுரண்டினாலும் வராத கறுப்புப் பொருக்காக இறுகிவிடும். இன்ஜின் ஆயில் வழக்கமாக 100 டிகிரியை ஒட்டி வேலை செய்கிறது. அது 250, 300 டிகிரி சூட்டில் ஓடாமல் தேங்கி நின்றால் சிதைந்து, அதிலுள்ள கார்பன் கரியாகப் படிகிறது. ஆயில் இப்படிக் கரியாகிப் படிவதை மெக்கானிக்குகள் கோக்கிங் என்கிறார்கள்.

இது ஒரே நாளில் டர்போவைக் கொல்லாது. ஒருமுறை அவசரத்தில் அணைத்துவிட்டோமே என்று இரவெல்லாம் விழித்திருக்கத் தேவையில்லை. ஒவ்வொரு முறையும் ஒரு மெல்லிய பூச்சாகத்தான் படியும். நூற்றுக்கணக்கான முறை படிந்த பிறகுதான் தொல்லை ஆரம்பிக்கும். தலைமுடியைவிட மெல்லிய இடைவெளியில் கரி சேர்ந்தால் ஆயில் ஓடும் வழி சுருங்கும். கரித்துகள் உடைந்து வந்தால் அதுவே உப்புத்தாள்போல் பேரிங்கைத் தேய்க்கும். ஆயில் வரும் சிறு குழாய்க்குள்ளும் கரி படியும். இந்தக் கடைசி விஷயம் பலருக்குத் தெரியாது. பழுதான டர்போவைக் கழற்றிப் புதிதாக மாட்டும்போது, அனுபவமுள்ள மெக்கானிக் ஆயில் குழாயையும் சேர்த்து மாற்றச் சொல்வது இதனால்தான். பாதி அடைத்த பழைய குழாயோடு புது டர்போவைப் பொருத்தினால், புதியதும் ஆயில் போதாமல் சீக்கிரமே போய்விடும்.

ஆக, பயப்பட வேண்டியது அணைத்த பிறகு ஊறும் சூட்டுக்குத்தான், சுழற்சிக்கு அல்ல. அணைக்கும் கணத்தில் டர்பைன் பக்கத்தில் எவ்வளவு சூடு தேங்கியிருக்கிறதோ, அதைப் பொறுத்துத்தான் எல்லாம்.

இந்த அறிவுரை பிறந்த காலம்

"டர்போ வண்டியை நிறுத்தியதும் அணைக்காதே" என்பதை யாரும் சும்மா கிளப்பிவிடவில்லை. அது சொல்லப்பட்ட காலத்தில் நூற்றுக்கு நூறு சரி. 1962-ல் அமெரிக்காவில் ஓல்ட்ஸ்மொபில் ஜெட்ஃபயர், ஷெவர்லே கார்வேர் ஆகிய கார்களில் டர்போ வந்தது. 1970-களில் பி.எம்.டபிள்யூ, போர்ஷே, சாப் நிறுவனங்கள் டர்போ கார்களை விற்றன. 1978-ல் மெர்சிடிஸ் பென்ஸ் டர்போ டீசல் காரைக் கொண்டுவந்தது. அந்தத் தலைமுறை டர்போக்களில் பெரும்பாலானவற்றுக்குக் குளிர்ச்சி தர ஆயிலைத் தவிர வேறெதுவும் கிடையாது. அந்த ஆயிலும் பெரும்பாலும் மினரல் ஆயில், அதாவது கச்சா எண்ணெயைச் சுத்திகரித்து நேராக எடுத்தது. சூட்டில் சீக்கிரம் கரியாகிவிடும் வகை அது. அணைத்ததும் ஆயில் நின்றால் பேரிங்குக்கு வேறு நாதி இல்லை.

அதற்கென ஒரு கருவியே சந்தைக்கு வந்தது. டர்போ டைமர் என்று பெயர். சாவியை எடுத்துக்கொண்டு, கதவைப் பூட்டிவிட்டு நீங்கள் போய்விடலாம். வண்டி மட்டும் ஒன்றிரண்டு நிமிடம் தானாக ஓடிக்கொண்டிருந்துவிட்டு அணையும். ஜப்பானில் வேகக் கார் பிரியர்களிடையே இது ஒரு காலத்தில் வெகு பிரபலம். ஆளில்லாத வண்டி உறுமிக்கொண்டு நிற்பது பார்க்கிறவர்களுக்குப் பெருமையாகவும் இருந்தது என்று நினைக்கிறேன். அந்தக் காலத்தில் டர்போ வைத்திருந்தவர்களின் அனுபவம்தான் வாய்மொழியாக இன்றுவரை வந்திருக்கிறது. வண்டி மாறியது, வாக்கியம் மாறவில்லை.

பிறகு என்ன மாறியது

மூன்று விஷயங்கள் மாறின. அவற்றில் தண்ணீர்தான் பெரியது.

இன்ஜினைக் குளிர்விக்க ரேடியேட்டர் வழியாக ஓடும் நீர்க்கலவைதான் கூலன்ட். 1980-களிலிருந்து டர்போவின் நடுப்பகுதியைச் சுற்றியும் கூலன்ட் ஓடும் வழியை வார்த்து வைக்கத் தொடங்கினார்கள். வண்டி ஓடும்போது ஆயிலே பெரும்பாலும் பார்த்துக்கொள்ளும். கூலன்ட்டின் உண்மையான வேலை அணைத்த பிறகுதான் ஆரம்பிக்கிறது. 'இன்ஜின் நின்றால் தண்ணீர் பம்ப்பும் நின்றுவிடுமே' என்று நீங்கள் கேட்கலாம். நிற்கும்தான். ஆனாலும் தண்ணீர் நகரும். பாத்திரத்தில் நீரைச் சுடவைத்தால் அடியில் சூடான நீர் மேலே எழும்பி, மேலே உள்ள நீர் கீழே இறங்குவதைப் பார்த்திருப்போம். கரண்டி போட்டுக் கலக்க வேண்டியதில்லை. டர்போவைச் சுற்றியுள்ள கூலன்ட்டும் அப்படித்தான். சூடேறியது மேல்குழாய் வழியாக எழும்ப, அந்த இடத்துக்கு வேறு கூலன்ட் தானே வந்து சேர்கிறது. பம்ப் இல்லாமலே ஊறி வரும் சூடு வெளியேறுகிறது. பல புதிய கார்களில் இதற்கும் மேலே போய், தனியாக ஒரு சிறு மின் பம்ப் வைத்திருக்கிறார்கள். இன்ஜின் நின்ற பிறகும் சூட்டைப் பொறுத்துச் சில நிமிடம் அது கூலன்ட்டைச் சுற்றவிடும். வண்டியைப் பூட்டிவிட்டு நடக்கும்போது முன்பக்கத்திலிருந்து மெல்லிய 'ர்ர்' என்ற சத்தமோ மின்விசிறி ஓடும் சத்தமோ கேட்டால் பதற வேண்டாம். நீங்கள் உட்கார்ந்து செய்திருக்க வேண்டிய வேலையை வண்டியே செய்துகொண்டிருக்கலாம்.

இரண்டாவது, ஆயில். சிந்தெட்டிக் ஆயில், அதாவது வேதிமுறையில் சீராக உருவாக்கிய ஆயில், மினரல் ஆயிலைவிட அதிகச் சூட்டில் சிதையாமல் நிற்கும். மூன்றாவது, பேரிங்கும் அதைச் சுற்றியுள்ள உலோகமும் மேம்பட்டிருக்கின்றன. இதில் விரிவாகப் பேச ஒன்றுமில்லை.

இதைச் சொன்னதும் வரும் அடுத்த கேள்வி ஸ்டார்ட்-ஸ்டாப் பற்றியது. சிக்னலில் நின்றதும் இன்ஜின் தானாக அணைந்து, கிளம்பும்போது தானாக உயிர்பெறும் வசதி அது. "அணைக்கக் கூடாது என்கிறீர்கள், வண்டியே நொடிக்கொரு தரம் அணைத்துக்கொள்கிறதே!" நல்ல கேள்வி. நகர நெரிசலில் சிக்னலுக்கு ஊர்ந்து வரும் வண்டியின் டர்போவில் சூடு அதிகம் தேங்குவதில்லை. தவிர, அந்த வசதி கண்ணை மூடிக்கொண்டு அணைப்பதில்லை. கூலன்ட், பேட்டரி முதலானவற்றின் நிலையைப் பார்த்து, ஒத்துவராவிட்டால் இன்ஜினை ஓடவே விடும். ஆனால் ஒன்று: அது இருக்கிறது என்பதற்காக மலையேறி வந்த உடனே நீங்களும் பொத்தானை அழுத்தி அணைக்கலாம் என்று அர்த்தமில்லை. அந்தப் பொத்தானை அழுத்தினால் வண்டி உங்களிடம் மறுபேச்சுப் பேசாது.

சரி, எப்போது காத்திருப்பது?

இப்போது முதலில் சொன்ன இருவரிடம் திரும்பலாம்.

ஊர்ந்து வீடு சேர்கிறவரின் டர்போ கடைசிப் பத்து நிமிடமாக ஏறக்குறைய சும்மாதான் இருந்திருக்கிறது. புகையின் சூடு குறைவு, அளவும் குறைவு. ஆயிலும் கூலன்ட்டும் ஓடிக்கொண்டே இருந்தன. அதாவது ஆறவைக்கும் வேலை வழியிலேயே முடிந்துவிட்டது. அவர் வாசலில் உட்காரும் இரண்டு நிமிடம் கைபேசிக்குத்தான் பயன்படுகிறது. நெடுஞ்சாலையிலிருந்து இறங்கி, தெருக்களில் மெதுவாகச் சில நிமிடம் ஓட்டி வருகிற எவருக்கும் இதே கதைதான்.

நெடுஞ்சாலையிலிருந்து நேராக ஓய்விடத்துக்குள் நுழைகிறவர் நிலை வேறு. சீரான மிதமான வேகத்தில் வந்திருந்தால் பெரிய பாதகமில்லை. இன்ஜினின் சக்தியில் ஒரு பகுதிதான் அப்போது செலவாகிறது. ஆனால் ஆக்சிலரேட்டரை அழுத்தி மிதித்து, வண்டிகளை முந்தி முந்தி வந்தவர் என்றால் டர்பைன் கூடு தணலாக இருக்கும். அவர் ஒரு நிமிடம், கூடிப்போனால் இரண்டு நிமிடம் ஐடிலில் விடுவது நல்லது. ஐடிலில் புகையின் சூடு முழுச் சுமையில் இருந்ததில் பாதிக்கும் கீழே போய்விடும். ஆயிலும் கூலன்ட்டும் தொடர்ந்து சூட்டை அள்ளும். பெரும்பகுதி வேலை அந்த முதல் நிமிடத்திலேயே முடிந்துவிடும். இதைவிட நல்ல வழி, ஓய்விடம் வருவதற்கு இரண்டு மூன்று கிலோமீட்டர் முன்பே வேகத்தைத் தணித்து வருவது. வண்டி நகரும்போது முன்னிருந்து காற்றும் அடிக்கும், நேரமும் வீணாகாது.

மலைப்பாதை இதைப் புரிந்துகொள்ள அருமையான இடம். ஏற்றத்தில் முழுப் பயணிகளோடும் மூட்டைகளோடும் ஏறி, உச்சியில் காட்சி பார்க்கும் இடத்தில் சட்டென்று நிறுத்தி அணைப்பதுதான் டர்போவுக்கு மிக மோசமான நிறுத்தம். வேகமானி 40-ஐத் தாண்டியிருக்காது, "மெதுவாகத்தானே வந்தேன்" என்று தோன்றும். டர்போவுக்கு வண்டியின் வேகம் தெரியாது. இன்ஜின் எவ்வளவு பாரம் சுமந்தது என்பதுதான் அதற்குத் தெரியும். அதே மலையில் கியரில் வைத்து, ஆக்சிலரேட்டரைத் தொடாமல் கீழே இறங்கி வாருங்கள். இன்றைய இன்ஜின்கள் அப்போது எரிபொருளையே நிறுத்திவிடும். டர்பைனுக்குள் போவது எரியாத வெறும் காற்று. அடிவாரத்தில் நின்றதும் தாராளமாக அணைக்கலாம். பிரேக்குகள் வேண்டுமானால் சுட்டுக்கொண்டிருக்கும், டர்போ குளிர்ந்திருக்கும்.

பின்னால் இன்னொரு வண்டியையோ படகையோ இழுத்து வந்தவர்கள், பந்தயத் தடத்தில் ஓட்டியவர்கள், மென்பொருளை மாற்றி இன்ஜினின் சக்தியைக் கூட்டியவர்கள் ஆகியோரும் காத்திருக்க வேண்டியவர்களே. பந்தயக்காரர்கள் கடைசிச் சுற்றை மெதுவாக ஓட்டி முடிப்பார்கள். அது பிரேக்குக்கும் டயருக்கும் மட்டுமல்ல, டர்போவுக்கும்தான். கூலன்ட் ஓடாத, ஆயிலை மட்டுமே நம்பிய பழைய டர்போ உங்களிடம் இருந்தால் பழைய அறிவுரை உங்களுக்கு அப்படியே பொருந்தும். பாரம் இழுத்து வந்த லாரி, பேருந்து, பெரிய டீசல் இயந்திரங்கள் விஷயத்தில் மூன்று முதல் ஐந்து நிமிடம் ஐடிலில் விடச் சொல்வது இன்றும் வழக்கம். அவற்றின் டர்போ பெரிது, தேங்கும் சூடும் பெரிது.

உங்கள் வண்டிக்கான கடைசி வார்த்தை, வண்டியோடு வந்த கையேட்டில் இருக்கிறது. இதைப் பற்றி அதில் ஒரு பத்தி இருந்தால், கடும் ஓட்டத்துக்குப் பிறகு மட்டும் சிறிது நேரம் விடச் சொல்லியிருப்பதைத்தான் பெரும்பாலும் பார்ப்பீர்கள். பிளாஸ்டிக் உறையைக் கூடப் பிரிக்காமல் அதை வைத்திருப்பவர்கள் ஏராளம்.

காத்திருப்பதால் நஷ்டம் உண்டா?

"தேவையோ இல்லையோ, இரண்டு நிமிடம் விட்டால் என்ன குறைந்துவிடும்?" என்று கேட்கலாம். எரிபொருள் கணக்குப் பார்த்தால் பெரிதாக ஒன்றுமில்லை. கார் ஐடிலில் மணிக்குச் சுமார் அரை முதல் ஒரு லிட்டர் குடிக்கும். இரண்டு நிமிடத்துக்குச் சுமார் 17 முதல் 33 மில்லி. ஆனால் ஐந்து, பத்து நிமிடம் என்று நீட்டினால் வேறு தொல்லைகள் வரும். டீசல் இன்ஜின் நீண்ட நேரம் ஐடிலில் ஓடினால் எரிதல் சரியாக நடக்காமல் கரி சேரும். டர்போவைக் கரியிலிருந்து காப்பாற்றப் போய், புகைக்குழாயிலும் வடிகட்டியிலும் கரி சேர்த்த கதையாகிவிடும். மூடிய கேரேஜுக்குள் இன்ஜினை ஓடவிட்டுக் காத்திருப்பது இதையெல்லாம்விட ஆபத்து. புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ஆளையே கொல்லும்.

டர்போவை உண்மையில் கொல்வது

டர்போ பழுதாக முக்கியமான காரணங்கள் ஆயிலைச் சுற்றியே இருக்கின்றன: ஆயில் குறைவது, அழுக்காவது, நேரத்துக்கு வராமல் போவது. காற்று வடிகட்டி கிழிந்து தூசியும் துகளும் கம்ப்ரசர் சக்கரத்தில் மோதுவது இன்னொரு காரணம். அணைக்கும்போது காட்டும் அக்கறையில் கால்வாசியை ஆயில் மாற்றுவதில் காட்டினால் டர்போ நம்மை வாழ்த்தும். கையேடு சொல்லும் தரத்து ஆயிலை, சொல்லும் கெடுவுக்குள் மாற்றுவது, நடுவே ஆயில் குச்சியை எடுத்து அளவு பார்ப்பது, அவ்வளவுதான்.

அப்புறம் காலை நேரம். இரவெல்லாம் நின்ற வண்டியில் ஆயில் அடித்தொட்டிக்கு வடிந்திருக்கும், குளிரில் கெட்டியாகவும் இருக்கும். கிளப்பிய உடனே அழுத்தி மிதித்தால், படலம் சரியாக அமைவதற்குள் தண்டு பறக்கத் தொடங்கிவிடும். கிளப்பிச் சில நொடிகள் விட்டு, முதல் சில கிலோமீட்டர் மிதமாக ஓட்டினால் போதும். நின்ற இடத்திலேயே பத்து நிமிடம் சூடேற்றத் தேவையில்லை. ஒன்றைக் கவனியுங்கள்: கூலன்ட்டின் சூட்டைக் காட்டும் முள் நடுவுக்கு வந்துவிட்டால் எல்லாம் சூடாகிவிட்டது என்று நினைக்கிறோம். கூலன்ட்டைவிட ஆயில் மெதுவாகத்தான் சூடேறும். முள் நடுவுக்கு வந்த பிறகும் இன்னும் சில நிமிடம் ஆயிலுக்குக் கொடுக்க வேண்டும்.

வாசலில் இரண்டு நிமிடம் காக்கும் அந்த நண்பரிடம் இதையெல்லாம் ஒரு நாள் சொல்லிப் பார்த்தேன். பொறுமையாகக் கேட்டார், தலையாட்டினார். மறுநாள் காலை எதிரில் பார்த்தேன். வண்டியைக் கிளப்பி, சீட் பெல்ட்டைக்கூட நகர்கையில்தான் மாட்டிக்கொண்டு, தெருமுனைக்குள் மூன்றாவது கியருக்குப் போய்விட்டார்.